நடப்பு விலையில்

மூன்றாம் காலாண்டு. புறக்கோட்டை.
மழைக்கு முன்னம் பதினாறு படிவம்.

ஐந்தாம் குறுக்குத் தெருவில்
இருவர் தள்ள ஒருவர் இழுத்த வண்டியை மறித்து
"அண்ணே, உங்கட தொழில்?" என்றேன்.
கண் தெரியாதா என்பதுபோல் பார்த்தார் சின்னவேலு.
தெரிகிறது. குறியீடுதான் தெரியவில்லை.
அரிசி, விவசாயம்.
அரிசியைக் கட்டிய சாக்கு, கைத்தொழில்.
சாக்கின் கீழே வளைந்த முதுகு, சேவை.
மூன்று துறையும் ஒரே குழியில் இறங்கி
ஒரே தம்மில் ஏறின.
நான் பிரித்து எழுதினேன்.

"வண்டிக்கு இந்த வருஷத் தேய்மானம்?"
வண்டி வாடகைக்காம். நாளுக்கு முந்நூறு.
டயர் தேய்ந்தால்
அது முதலாளியின் படிவத்தில் தேயும்.
சொல்லிக்கொண்டே முழங்காலைத் தடவினார்.
நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

பஞ்சிகாவத்தையில் மர்ஜான் நானாவின் கடை.
எந்த நாட்டிலோ ஓடி ஓய்ந்த என்ஜின்கள்
காது காதாய், பல் பல்லாய்க் கழற்றிக் கிடந்தன.
"வாங்குறேன், விக்கிறேன். யாவாரம்."
பின்னால் ஒரு பொடியன்
கிராங்க் தண்டொன்றைத் தேய்க்கிறான்; பொறி பறக்கிறது.
தேய்த்து விற்றால் உற்பத்தி,
தேய்க்காமல் விற்றால் வர்த்தகம்.
"நூற்றுக்கு எத்தனை தேய்ப்பீங்க, நானா?"
"வரிக்காரனுக்கா?"
"இல்லை, சட்டப்படி இரகசியம்."
"அப்ப நட்டம் எண்டு எழுதுங்க. இரகசியமா."

கொட்டாஞ்சேனையில் பெர்ஸிஸ் டீச்சரின் வீடு.
கீழே கேக் சுடுகிறார்கள்,
நடுவில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு,
மொட்டை மாடியில், ஈரச் சாக்கு மறைவில், காளான்.
ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதும்
குறுகிய ஒரு படிக்கட்டில் ஏறி இறங்குகிறது,
செருப்பைக் கழற்றிவிட்டு.
மின்சார பில் மட்டும் ஒன்று.
எந்த மாடி எவ்வளவு தின்றது?
"சமனாப் பிரிச்சுப் போடு பிள்ளை" என்றார்,
கேக் வெட்டும் குரலில்.
போட்டேன். ஓவன் கேட்டிருந்தால் சிரித்திருக்கும்.

பிறகு பத்தரமுல்லை, ஆறாம் மாடி, குளிர்.
ஒரு கிலோ காளானும்
ஒரு மணித்தியால அட்சரகணிதமும்
தேய்த்த தண்டொன்றும்
எந்தத் தராசிலும் சேர்ந்து நில்லா.
ரூபாயில் நிறுத்தோம்.
ரூபாயோ நிறுக்க நிறுக்க இளைக்கிற படிக்கல்.
ஆகவே பழைய ஆண்டொன்றைப் பிடித்து
அது அசையவே இல்லை என்று
எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.
அதன் பெயர் அடிப்படை ஆண்டு.
அந்த ஆண்டு எனக்கு வேலை இல்லை.
வெள்ளவத்தையில் ஒரு அறையை நால்வர் பகிர்ந்து
மூன்று நேரச் சாப்பாட்டை இரண்டாய்ச் சுருக்கி
விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன்.
இன்றைய தேயிலையையும் சீமெந்தையும்
நாட்டார் தலைமயிர் வெட்டுவதையும்
அந்த ஆண்டுக்குத் திருப்பி அனுப்பும்போதெல்லாம்
அங்கே ஜன்னலோரம் நிற்கிறேன் நான்,
பசியோடு, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு.

"எங்கட திணைக்களம் எந்தப் பொருளை உற்பத்தி செய்யுது?"
புதிதாய் வந்த ஹன்சனி கேட்டாள்.
எங்களை யாரும் சந்தையில் வாங்குவதில்லை.
விலை இல்லாத இடத்தில்
செலவையே விளைவென்று எழுதுவது விதி.
என் சம்பளம்தான் என் விளைச்சல்.
கூட்டித் தந்தால் நானும் வளர்ச்சி.
அவள் தன் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தாள்,
வயலைப் பார்ப்பதுபோல.

நாலரைக்குப் படிவங்களைப் பதிய எடுத்தேன்.
மழை முந்திவிட்டது.
சின்னவேலுவின் நாட்கூலியில்
முதல் இலக்கம் கரைந்து, ஒன்றோ இரண்டோ.
தொலைபேசி எண் தரவில்லை அவர்.
இவ்வாறான வேளையில் செய்ய வேண்டியதைக்
கைநூல் சொல்கிறது, பக்கம் நாற்பத்தொன்று:
அயலவரின் சராசரியை இடுக.
அயலில் இருந்தவர் முதலாளி.

பேனாவை மூடிவிட்டுத் திறந்தேன்.
நாளைக்கு முதல் பஸ்ஸில்
ஐந்தாம் குறுக்குத் தெருவுக்குப் போனால்
பஸ் காசு என் செலவு.
விதிப்படி பார்த்தால்
அதுகூட உற்பத்தியில் சேராது.